கருநிரல் எழுதிய பதிவேடு

ஒரு தொழிற்சாலையில் நூறு தொழிலாளர் வேலை செய்கின்றனர் எனக் கொள்க. அவர்களுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் மேற்பார்வையாளருக்கு நூறு என்ற எண்ணிக்கை மாத்திரம் போதுமா? போதாது. எவரெவர் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே கருவியைப் பகிர்ந்து கொள்கின்றனர், எவருக்குப் பண்டசாலை அண்மையில் உள்ளது, எவருக்குத் தொலைவில் உள்ளது என்பனவும் அவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். ஒரே சுத்தியலுக்காக இருவர் காத்து நிற்க, அடுத்த மேசையிலே ஒரு சுத்தியல் வாளா கிடக்குமாயின், ஆட்கள் நூற்றுவர் இருந்தும் நூற்றுவருக்குரிய வேலை நடைபெறாது.

இக்காலக் கணினியின் நிலையும் இதுவே. கணினியில் கணக்கிடும் உறுப்புக்குச் செயலி என்று பெயர். முன்னர் ஒரு கணினிக்கு ஒரு செயலியே இருந்தது. இன்று கைக்குள் அடங்கும் தொலைபேசியிலும் எட்டு உண்டு. பெரிய நிலையங்களில் உள்ள கணினிகளில் நூற்றுக்கணக்கில் உண்டு. இவற்றையும் நினைவகத்தையும் ஆண்டு நடத்துவது பணிசெயல் முறைமை. அதன் நடுவிலிருந்து வன்பொருளோடு நேரே பேசும் பகுதி கெர்னல் எனப்படும் கருநிரல். பயனர் எழுதும் நிரல் எதுவும் கருநிரலைக் கடந்து இயந்திரத்தைத் தொடல் ஆகாது. ஆகவே இயந்திரத்துள் எத்தனை செயலிகள் உள்ளன, அவை எங்ஙனம் அடுக்கப்பட்டுள்ளன என்பதைப் பயனர் அறிய விரும்பின், கருநிரல் எழுதி வைக்கும் பதிவேட்டையே நாடவேண்டும். அப்பதிவேடு எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதும், அதை எழுதுவோர் எத்தகைய சங்கடங்களுக்கு உள்ளாயினர் என்பதும் நேயர்கள் அறிந்துகொள்ளத்தக்க வரலாறாகும்.

தொடக்கத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. 1962 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் நான்கு செயலிகள் வரை கொள்ளக்கூடிய டி825 என்னும் இயந்திரத்தைப் படைத்துறைக்காகச் செய்தளித்தது உண்மை. ஆயினும் அது புறநடை. 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் முறைமையை உருவாக்கத் தொடங்கியபோது அவர்கள் கையிலிருந்த சிறிய இயந்திரத்தில் ஒரு செயலியே இருந்தது. அக்காலக் கருநிரலின் தலையாய கடமை மறைத்தலே. வன்பொருளின் கரடுமுரடுகளை மறைத்து, ஒவ்வொரு நிரலுக்கும் முழு இயந்திரமும் தனக்கே உரியது என்ற தோற்றத்தைக் கொடுத்தலே சிறந்த கருநிரலின் இலக்கணம் எனக் கருதப்பட்டது. இம்மறைப்பு ஒரு நன்மையே. இயந்திரம் மாறினும் நிரலை மாற்றவேண்டிய தேவை அதனால் குறைந்தது.

மறைப்பதையே தொழிலாகக் கொண்ட கருநிரல் வெளிப்படுத்தவும் பழகியது 1984 ஆம் ஆண்டளவில். யூனிக்ஸ் முறைமையில் பெரும்பாலான பொருள்கள் கோப்புகளாகவே காட்டப்படும் என்பது அதன் ஆக்கியோர் வகுத்த மரபு. அம்மரபைப் பின்பற்றி, பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டொம் கிலியன் என்பவர், இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலையும் ஒரு கோப்பாகக் காட்டும் வழியை யூனிக்ஸின் எட்டாம் பதிப்பில் ஏற்படுத்தினார். ‘புரொக்’ என்பது அக்கோப்புறையின் பெயர். அதிலுள்ள கோப்புகள் வட்டில் எழுதப்பட்டவை அல்ல. எவரேனும் திறந்து வாசிக்கும் அக்கணத்திலே கருநிரல் தன் உள்ளக் கணக்கைப் பார்த்து விடையை எழுதிக் கொடுக்கும். கேட்பவருக்கு அது கோப்பு. உண்மையில் அது கருநிரலின் வாய்மொழி.

1991 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி உலகுக்கு வழங்கினார். அடுத்த ஆண்டிலேயே லினக்ஸிலும் புரொக் கோப்புறை இடம்பெற்றது. யூனிக்ஸில் நிரல்களைப் பற்றி மாத்திரம் கூறிய அக்கோப்புறை, லினக்ஸில் இயந்திரத்தைப் பற்றியும் கூறத் தொடங்கியது. அங்கே ‘சிபியுஇன்போ’ என்ற பெயரில் அமைந்த கோப்பே இவ்வரலாற்றின் முதல் ஏடு. செயலியைச் செய்த நிறுவனம், அதன் மாதிரி, வேகம், பதுக்கு நினைவகத்தின் அளவு முதலியன அதில் வரிசையாக எழுதப்பட்டன. மனிதர் கண்ணால் வாசித்து அறிவதற்காகவே அது எழுதப்பட்டது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

1994 இல் இன்ரெல் நிறுவனம் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளைக் கொண்ட கணினிகள் தம் அமைப்பை எவ்வாறு அறிவிக்கவேண்டும் என்பதற்கு ஒரு விதிமுறையை வகுத்தது. அதன் பயனாக, பல செயலிகளைக் கொண்ட கணினிகள் சாதாரண அலுவலகங்களுக்கும் வந்தன. அலன் கொக்ஸ் முதலியோரின் உழைப்பினால் 1996 யூனில் வெளியான லினக்ஸின் இரண்டாம் பதிப்பு அத்தகைய கணினிகளை ஆளும் வல்லமை பெற்றது. அதன் பின் சிபியுஇன்போ கோப்பிலே ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வொரு பத்தியாக விவரம் எழுதப்பட்டது. பத்திகளை எண்ணினால் செயலிகளின் தொகை கிடைக்கும்.

இங்கேதான் முதற் சிக்கல் முளைத்தது. கண்ணுக்காக எழுதப்பட்டதை நிரல்கள் வாசிக்கத் தொடங்கின. லினக்ஸில் சி மொழிக்கு அடிப்படையான நிரலகமே புரொக் கோப்புகளின் வரிகளை எண்ணிச் செயலிகளின் தொகையைக் கூறியது. ஆனால் அவ்வரிகளின் நடையோ இயந்திர வகைக்கு வகை வேறுபட்டிருந்தது. இன்ரெல் வகைக் கணினிகளில் செயலிக்கு ஒரு பத்தி. அல்பா வகையில் ‘கண்டறியப்பட்ட செயலிகள் இத்தனை’ என்று ஒரே வரி. ஸ்பார்க் வகையில் வேறொரு சொற்றொடர். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக வாசிக்கும் முறையை எழுதவேண்டியதாயிற்று. ஒரு சொல்லை மாற்றினால் எங்கோ ஒரு நிரல் பழுதுபடும் என்ற நிலையும் ஏற்பட்டது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். சிபியுஇன்போ கோப்பில் ‘போகோமிப்ஸ்’ என்ற ஓர் எண் உண்டு. கருநிரல் தொடங்கும் வேளையில் தன் காத்திருப்பு நேரத்தைச் சரிசெய்வதற்காகக் கணிக்கும் எண் அது. செயலியின் உண்மையான திறனை அது காட்டாது. போலி என்ற பொருளே அதன் பெயரில் அமைந்துள்ளது. ஏஆர்எம் வகைச் செயலிகளுக்கான கருநிரலைப் பேணுவோர் 2013 இல் அவ்வெண்ணைக் கோப்பிலிருந்து நீக்கினர். பொருளற்ற எண்ணை நீக்கினால் எவருக்கு என்ன நட்டம் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயின் அவ்வரியை எதிர்பார்த்து எழுதப்பட்ட சில நிரல்கள் பழுதுபட்டன. 2015 சனவரியில் அவ்வரி மீண்டும் சேர்க்கப்பட்டது. பயனரின் நிரல் பழுதுபடும்படி கருநிரல் மாறக்கூடாது என்பது தோர்வால்ட்ஸ் விட்டுக்கொடாது காத்துவரும் கொள்கை. ஆதலின், ஒருமுறை ஊரறியச் சொன்ன சொல் பயனற்றதாயினும் அதைத் திரும்பப் பெறுதல் எளிதன்று என்ற பாடத்தைக் கருநிரலோர் கற்றனர்.

இரண்டாஞ் சிக்கல் இதனினும் ஆழமானது. 2002 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் முதலில் சீயொன் செயலிகளிலும், அவ்வாண்டு நவம்பரில் பென்ரியம் நான்கிலும் ‘ஹைப்பர் த்ரெடிங்’ என்னும் உத்தியைக் கொண்டுவந்தது. ஒரு செயலி நினைவகத்திலிருந்து தரவு வரும் வரை அடிக்கடி வாளாவிருக்க நேர்கிறது. அந்த ஓய்வு நேரத்தில் வேறொரு வேலையைச் செய்விப்பதற்காக, ஒரே செயலி இரண்டு செயலிகள் போலத் தன்னைக் காட்டிக்கொள்ளும். இவ்வாறு தோன்றும் ஒவ்வொன்றையும் இழை என்பர். இரண்டு இழைகளும் கூட்டல் பெருக்கல் செய்யும் உறுப்புகளையும் பதுக்கு நினைவகத்தையும் பகிர்ந்துகொள்வன. ஆகவே இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை ஒன்றின் வேலையைவிடச் சற்று மிகுதியேயன்றி இருமடங்கு ஆகாது.

இத்தகைய செயலிகள் இரண்டு பொருத்தப்பட்ட ஒரு கணினியைக் கருதுக. சிபியுஇன்போ கோப்பில் நான்கு பத்திகள் தோன்றும். இரண்டு கடினமான வேலைகளை அதற்குக் கொடுத்தால், அவை இரண்டும் ஒரே செயலியின் இரண்டு இழைகளில் நெருக்குண்டு கிடக்க, மற்றைச் செயலி முழுவதும் உறங்கிக்கொண்டிருத்தல் கூடும். நான்கு என்ற எண்ணிக்கை பொய்யன்று. ஆயினும் அது முழு உண்மையும் அன்று. எனவே, இவ்விழை எந்தச் செயலிச் சில்லைச் சேர்ந்தது, அதனோடு உடன்பிறந்த இழைகள் எத்தனை என்பவற்றைக் கூறும் இரண்டு வரிகள் கோப்பிலே சேர்க்கப்பட்டன. எண்ணிக்கை கூறிவந்த பதிவேடு உறவுமுறை கூறத் தொடங்கியது அப்பொழுதுதான்.

மூன்று ஆண்டுகளின் பின், 2005 இல், ஏஎம்டி, இன்ரெல் ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே சில்லினுள் இரண்டு முழுச் செயலிகளை அடக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தன. அவ்வாறு அடங்கிய ஒவ்வொன்றும் ‘கோர்’ எனப்பட்டது. இப்பொழுது மூன்று அடுக்குகள் உண்டாயின: கணினிப் பலகையின் குதைகுழியில் பொருந்தும் சில்லு ஒன்று, அதனுள்ளே கோர்கள் சில, ஒவ்வொரு கோரினுள்ளும் இழைகள். கோரின் எண்ணையும் சில்லிலுள்ள கோர்களின் தொகையையும் கூறும் வரிகள் கோப்பிலே மேலும் சேர்ந்தன. இதிலும் ஓர் இடறல் இருந்தது. கோருக்கு இடப்பட்ட எண் அதன் சில்லுக்குள்ளே மாத்திரம் தனித்துவமானது. இரண்டு சில்லுகள் கொண்ட கணினியில் இரண்டிலும் பூச்சியம் என்ற கோர் உண்டு. இதை அறியாது கோர் எண்களை மாத்திரம் கணக்கிட்ட நிரல் பாதித் தொகையையே கண்டது.

இவை அறிஞரின் ஆராய்ச்சிக்குரிய நுண்பொருள்கள் மாத்திரமோ எனின், அல்ல, பணம் சம்பந்தப்பட்டவை. மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் பல, செயலிகளின் தொகைக்கேற்ப உரிமக் கட்டணம் அறவிட்டு வந்தன. செயலி என்பது குதைகுழியா, கோரா, இழையா? 2004 ஒக்டோபரில் மைக்ரோசொப்ற் நிறுவனம் சில்லுக்கே கட்டணம், உள்ளிருக்கும் கோர்களுக்கு அன்று என அறிவித்தது. பின்னர் 2012 ஆம் ஆண்டின் தரவுத்தள மென்பொருளிலிருந்து அதே நிறுவனம் கோர்க் கணக்குக்கு மாறியது. சொல்லின் பொருள் மாறக் கட்டணமும் மாறியது.

கோர் என்ற சொல் ஒருமுறை நீதிமன்றத்தின் வாசலையும் மிதித்தது. 2011 ஒக்டோபரில் ஏஎம்டி நிறுவனம் புல்டோசர் என்ற அமைப்பிலான செயலிகளை எட்டுக் கோர்கள் கொண்டவை என்று விற்றது. அவற்றில் இவ்விரண்டு கோர்கள் ஓர் அலகாகச் சேர்ந்து, தசமக் கணக்குகளைச் செய்யும் உறுப்பு முதலிய சிலவற்றைப் பகிர்ந்துகொண்டன. அத்தகைய செயலியுள்ள கணினியில் லினக்ஸ் தந்த விவரமோ ‘நான்கு கோர், கோருக்கு இரண்டு இழை’ என்றே அமைந்தது. விண்டோஸ் முறைமைக்கும் 2012 சனவரியில் ஒரு திருத்தம் வெளியாயிற்று. வேலைகளை முதலில் வெவ்வேறு அலகுகளுக்குப் பங்கிட்ட பின்னரே ஓர் அலகின் இரண்டாம் கோருக்குக் கொடுக்கவேண்டும் என்பது அத்திருத்தத்தின் சாரம். வாங்கியோர் சிலர் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். 2019 இல் அந்நிறுவனம் 121 இலட்சம் டொலர் கொடுத்து அவ்வழக்கை இணக்கமாக முடித்துக்கொண்டது. விளம்பரத்தில் எட்டாயிருந்தது கருநிரலின் கணக்கில் நான்கு கோர்களும் எட்டு இழைகளுமாயிருந்தது. எச்சொல்லை ஏற்பது என்பது வாதத்துக்குரியதே. ஆனால் எவ்வுறுப்புகள் பகிரப்படுகின்றன என்ற செய்தி பயனரின் கைக்கு எட்டியிருந்தது.

இனி, தூரம் பற்றிய செய்தியை நோக்குவோம். முன்னைய கணினிகளில் எல்லாச் செயலிகளுக்கும் ஒரே நினைவகம், ஒரே தூரம். செயலிகள் பெருகப் பெருக அந்த ஒரே வழியில் நெரிசல் மிகுந்தது. எனவே நினைவகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு செயலித் தொகுதியின் அருகில் வைத்தனர். ஒரு செயலி தன் அருகிலுள்ள நினைவகத்தை விரைவில் அடையும்; அயலாரின் நினைவகத்தையும் அடையலாம், ஆனால் தாமதமாகும். இவ்வமைப்புக்கு நூமா என்று பெயர். 2003 ஏப்ரிலில் வெளியான ஏஎம்டியின் ஒப்டெரொன் செயலி நினைவகத்தை ஆளும் உறுப்பைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தமையால் இவ்வமைப்புச் சாதாரணக் கணினிகளுக்கும் வந்துவிட்டது. பெரும் இயந்திரங்களிலோ அதன் அளவு வியப்புக்குரியது. 2004 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுக்காக அமைக்கப்பட்ட கொலம்பியா என்ற கணினியில், ஒவ்வொன்றும் 512 செயலிகளைக் கொண்ட 20 இயந்திரங்கள், ஆக 10,240 செயலிகள் இருந்தன. லினக்ஸ் ஆட்சி செய்த அவ்வியந்திரங்களுள் ஒரு நிரல் தன் தரவை எந்த மூலையில் வைக்கிறது என்பது அதன் வேகத்தையே நிர்ணயித்தது.

இத்தூரத்தைப் பயனருக்கு எவ்வாறு சொல்வது? கணினியின் அடிப்படை நிரல் ஒரு தூர அட்டவணையைக் கருநிரலுக்குக் கொடுக்கும். தன்னிடத்திலிருந்து தன்னிடத்துக்கு உள்ள தூரம் 10 என்று அதில் வைத்துக்கொள்ளப்பட்டது. அயற்பகுதி 20 எனின், அங்கே சென்றுவரும் நேரம் ஏறத்தாழ இருமடங்கு என்பது பொருள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோப்புறை, அதனுள் அப்பகுதிச் செயலிகளின் பட்டியல், நினைவக அளவு, தூரம் என்று கருநிரல் எழுதி வைத்தது. இங்ஙனம் ஒரு சிறு எண் வரிசையாற் பெரிய இயந்திரத்தின் வரைபடம் பயனரின் கைக்கு எட்டியது.

இவ்வளவு செய்திகளும் பழைய ஒரே கோப்பில் அடங்குமா? அடங்கா. 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6 பதிப்பிலே பற்றிக் மோச்செல் என்பவரின் முயற்சியால் ‘சிஸ்’ என்ற புதிய கோப்புறை அமைந்தது. அதன் சட்டம் எளியது: ஒரு கோப்புக்கு ஒரு செய்தி. நீண்ட பத்தியை வெட்டிப் பிரித்து வாசிக்கவேண்டிய தேவை இல்லை. வேண்டிய செய்தியின் பெயருள்ள கோப்பைத் திறந்தால் விடை தனியே நிற்கும். 2006 இல் ஒவ்வொரு செயலிக்கும் அமைப்புப் பற்றிய ஒரு கோப்புறை அங்கே சேர்க்கப்பட்டது. எச்சில்லைச் சேர்ந்தது, எக்கோரைச் சேர்ந்தது, உடன்பிறந்த இழைகள் யாவை என்பன அதில் தனித்தனிக் கோப்புகளாக அமைந்தன. பதுக்கு நினைவகத்தின் அளவையும் அதைப் பகிர்வோர் யாவர் என்பதையும் கூறும் கோப்புகளும் பக்கத்தில் இடம்பெற்றன. அதே காலத்தில், பயனர் நம்பத்தக்க கோப்புகள் எவை, இன்னும் சோதனையில் உள்ளவை எவை, கைவிடப்பட உள்ளவை எவை என வகுத்து எழுதிவைக்கும் வழக்கமும் தோன்றியது. முதற் பாடம் வீண்போகவில்லை.

ஆயினும் புதிய பதிவேட்டுக்கும் புதிய சோதனைகள் வந்தன. 2017 இல் ஏஎம்டியின் எபிக் என்ற செயலி வெளியாயிற்று. அதில் ஒரே உறையினுள் நான்கு தனிச் சில்லுகள், ஒவ்வொன்றுக்கும் அருகில் தனி நினைவகம். ஒரு குதைகுழி, ஒரு வீடு என்றிருந்த நிலை மாறி, ஒரு குதைகுழிக்குள் நான்கு குடித்தனங்கள் உண்டாயின. 2019 இல் உறைக்கும் கோருக்கும் இடையே ‘டை’ என்ற உட்சில்லின் எண்ணைக் கூறும் ஒரு புதிய கோப்புச் சேர்க்கப்பட்டது. அத்துடன், ‘கோரின் உடன்பிறப்புகள்’ என்ற பழைய பெயர் குழப்பம் தருவதாயிருந்தமையால் ‘உறையிலுள்ள செயலிகள்’ என்ற தெளிவான பெயர் இடப்பட்டது. பழைய பெயர் என்னாயிற்று? அதுவும் அங்கேயே இருக்கிறது. இரண்டு பெயரில் ஒரே விடை. பழையதை நம்பி வாழும் நிரல்களுக்காக அது விடப்பட்டது.

செயலிகளின் தொகை பெருகியதால் ஏற்பட்ட தொல்லை மற்றொன்று. சிஸ் கோப்புறையின் சாதாரணக் கோப்பு ஒரு நினைவகப் பக்கத்தின் அளவு, பெரும்பாலும் 4,096 எழுத்துகள், மாத்திரமே கொள்ளும். செயலிகளின் பட்டியல் அவ்வெல்லையைத் தாண்டும் காலம் வரும் என்று முன்னர் எவரும் எண்ணியிலர். 2021 இல் அவ்வெல்லைக்குக் கட்டுப்படாத வேறு வகைக் கோப்புகளாக அவை மாற்றி எழுதப்பட்டன. கோப்பின் பெயரும் இடமும் மாறவில்லை.

பதிவேட்டை வாசிப்போர் யாவர்? வானிலை கணிப்போர், தரவுத்தளம் நடத்துவோர், பெருங்கணக்குச் செய்வோர் ஆகியோரே முதலிற் குறிப்பிடத்தக்கவர். லினக்ஸ் 2.6 முதல் ஒரு நிரலை இன்ன செயலியில்தான் ஓடவேண்டும் என்று கட்டிவைக்கும் வசதி பயனருக்குக் கிடைத்தது. வரைபடமின்றி அவ்வசதி இருந்து என்ன பயன்? பூச்சியமும் ஒன்றும் எனச் செயலி எண்கள் அடுத்தடுத்து இருப்பினும், ஒரு கணினியில் அவை ஒரே கோரின் இழைகளாகவும், மற்றொரு கணினியில் வெவ்வேறு கோர்களாகவும் இருத்தல் கூடும். எண்ணை நம்பாது அமைப்பையே கேட்டறிதல் வேண்டும். பிரான்சின் இன்றியா ஆய்வு நிறுவனத்தின் போர்தோ நிலையத்து ஆராய்ச்சியாளர் உருவாக்கிய ‘எச்டபிள்யூலொக்’ என்ற நிரலகம் கருநிரலின் கோப்புகளைத் திரட்டி, இயந்திரத்தின் அமைப்பைப் பெட்டிக்குள் பெட்டியாகப் படம் வரைந்தே காட்டுகிறது.

வெளிப்படுத்தல் எப்பொழுதும் நன்மையே பயக்குமா என்பது அடுத்த வினா. 1999 இல் இன்ரெல் நிறுவனம் பென்ரியம் மூன்று செயலி ஒவ்வொன்றுக்கும் ஒரு தனித் தொடரிலக்கத்தைப் பொறித்து, அதை நிரல்கள் வாசிக்கவும் வழி செய்தது. இணையத்திற் செல்வோரைப் பின்தொடர்ந்து அடையாளங் காண இது உதவும் என்று தனியுரிமை பேணுவோர் பலத்த எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்வந்த செயலிகளில் அவ்விலக்கம் கைவிடப்பட்டது. லினக்ஸ் கருநிரலோ, தான் தொடங்கும் வேளையிலேயே அவ்விலக்கத்தை அணைத்து விடும் வழக்கத்தை மேற்கொண்டது. இயந்திரத்தின் அமைப்பைச் சொல்வது வேறு. இயந்திரத்துக்கு உரியவரைக் காட்டிக்கொடுப்பது வேறு. இவ்வேறுபாட்டைக் கருநிரல் உணர்ந்து நடந்தது.

2018 சனவரியில் மெல்ற்டவுன், ஸ்பெக்ரர் என்ற குறைபாடுகள் செயலிகளிலேயே இருப்பதாக வெளியான செய்தி உலகைத் திடுக்கிடச் செய்தது. ஒரு நிரல் மற்றொன்றின் இரகசியத்தை மறைமுகமாக உணர அக்குறைபாடுகள் இடமளித்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் வெளிப்பட்ட மற்றொரு குறைபாட்டிலோ, ஒரே கோரின் இழைகள் பதுக்கு நினைவகத்தைப் பகிர்வதே ஆபத்துக்கு வழியாயிற்று. ஆண்டின் நடுவில் ஓபன்பிஎஸ்டி என்ற முறைமையைப் பேணுவோர் இன்ரெல் செயலிகளில் இரண்டாம் இழையை இயல்பாகவே நிறுத்தி வைக்கத் தீர்மானித்தனர். லினக்ஸ் பயனருக்கு உண்மையைக் கூறும் வழியை மேற்கொண்டது. செயலிகளின் கோப்புறையில் ‘பலவீனங்கள்’ என்னும் பெயரில் ஒரு பகுதி தோன்றியது. ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஒரு கோப்பு. ‘பாதிப்பில்லை’, ‘தடுக்கப்பட்டுள்ளது’, ‘ஆபத்துக்கு உட்பட்டது’ என்ற விடைகளுள் ஒன்று. இரண்டாம் இழைகளை அணைக்கவும் ஏற்றவும் உரிய கோப்பும் அருகில் வைக்கப்பட்டது. எந்த இழை எதனுடன் கூட்டு என்பது முன்பு வேகத்துக்குரிய செய்தி. அவ்வாண்டு முதல் அது பாதுகாப்புக்குரிய செய்தியும் ஆயிற்று.

இன்னுமொரு நுணுக்கம் உண்டு. இக்காலத்தில் ஒரே கணினியைப் பலருக்குப் பங்கிட்டு வாடகைக்கு விடும் வழக்கம் பெருகியுள்ளது. கொள்கலன் என்று கூறப்படும் அத்தகைய பங்கிலே ஓடும் நிரலுக்கு இரண்டு செயலிகளின் நேரமே ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் அது சிபியுஇன்போவை வாசித்தால் முழுக் கணினியின் 64 செயலிகளும் தெரியும். தனக்கு 64 உண்டென நம்பி, அதற்கேற்ப வேலையாட்களைப் பெருக்கிக்கொண்டு, அந்நிரல் இடர்ப்படும். ஜாவா மொழியின் இயக்குநிரல் இத்தொல்லைக்கு உள்ளாகி, 2018 இல் வெளியான பதிப்புகளில்தான் தன் பங்கைக் கேட்டறியக் கற்றுக்கொண்டது. கொள்கலனுக்குள் வேறொரு சிபியுஇன்போவைக் காட்டி, பங்குக்கேற்ற தொகையைக் கூறும் ‘எல்எக்ஸ்சிஎப்எஸ்’ என்ற ஏற்பாடும் உண்டு. வீட்டின் அறைகள் எத்தனை என்ற கேள்விக்கும், எனக்குரிய அறைகள் எத்தனை என்ற கேள்விக்கும் விடை வேறு என்பதை உலகம் காலந்தாழ்த்தியே உணர்ந்தது.

கடைசியாக, செயலிகள் யாவும் சமம் என்ற எண்ணமும் போய்விட்டது. 2011 ஒக்டோபரில் ஏஆர்எம் நிறுவனம் பெரிய கோர்களையும் சிறிய கோர்களையும் ஒரே சில்லில் இணைக்கும் முறையை அறிவித்தது. 2021 இல் இன்ரெல் நிறுவனமும் மேசைக் கணினிகளில் அம்முறையைப் பின்பற்றியது. மின்கலம் நெடுநேரம் நிற்கவேண்டின் சிறியது. விரைவு வேண்டின் பெரியது. ஏஆர்எம் செயலிகளுக்குக் கருநிரல் ஒவ்வொன்றின் வலுவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறது. மிக வலியதற்கு 1,024, ஏனையவற்றுக்கு அதற்கேற்பக் குறைந்த எண். எத்தனை என்று தொடங்கிய பதிவேடு, எங்கே, யாருடன், எவ்வளவு தூரத்தில் என்பவற்றைக் கடந்து, எவ்வளவு வலுவுடன் என்ற கேள்விக்கும் விடை கூறுகிறது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். செயலி செய்வோர் ஆண்டுதோறும் தம் அமைப்பை மாற்றுவர். அது அவர்தம் தொழில். பயனரோ பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரலை இன்றும் ஓட்ட விரும்புவர். அது அவர்தம் உரிமை. இவ்விருவருக்கும் நடுவே நின்று, நேற்றுச் சொன்ன சொல்லை மாற்றாமலும், இன்று உள்ளதை மறையாமலும் எழுதுவதே கருநிரலைப் பேணுவோரின் பொறுப்பு. பொருளற்ற எண்ணைத் திரும்ப வைத்ததும், பழைய பெயரைப் புதிய பெயரோடு காத்ததும், தொடரிலக்கத்தை அணைத்ததும், பலவீனத்தை ஒளியாது எழுதியதும் இப்பொறுப்பின் வெவ்வேறு முகங்களே. பலர் நம்பி வாசிக்கும் பதிவேட்டில் ஒரு வரியைச் சேர்ப்பதற்கு முன் நெடிது சிந்தித்தல் வேண்டும். சேர்த்த பின் அவ்வரிக்குக் கட்டுப்பட்டு நிற்றல் வேண்டும். கணினியின் பதிவேட்டுக்குப் பொருந்தும் இவ்விதி, பொதுமக்களுக்காக எழுதப்படும் எந்தப் பதிவேட்டுக்கும் பொருந்துவதேயாகும்.